அப்போ நான் சிரிக்கல

ஏம்மா, கோச்சுக்காத. அந்த ஜன்னல் சீட்டை எனக்குக் கொஞ்சம் விட்டுக் குடுக்கிறியா? காத்துக்காகக் கேக்கல. டிரைவர் தலைக்கு மேல டிவி மாட்டி வச்சிருக்கான் பாரு, இங்க உக்காந்தா நேரா அது மூஞ்சியிலதான் முழிக்கணும். ஜன்னல் பக்கம்னா அப்படியே வெளிய திரும்பிக்கலாம். நல்லா இருப்ப தங்கம். பையை மடியில வச்சுக்கறேன், நீ தாராளமா உக்காரு.

இல்ல இல்ல, வாந்தியெல்லாம் வராது. பயப்படாத.

என்னை எங்கயோ பாத்த மாதிரி இருக்கா? இருக்கும். யோசிக்காத, நானே சொல்லிடறேன். உன் போன்லயே நான் இருப்பேன். பச்சைப் பொடவை கட்டிக்கிட்டு, தலையை அண்ணாந்து, வாயெல்லாம் பல்லா ஒரு பொம்பளை சிரிப்பா. ஸ்டிக்கர்னு சொல்றாங்களே, அது. யாராவது லீவு கேட்டா மேனேஜர் அதைத்தான் அனுப்புவாராம், என் அண்ணன் மக சொன்னா. பாத்திருக்கியா? பாத்தியா, உனக்கே சிரிப்பு வந்துருச்சு. பரவால்ல, சிரி. ஊரே சிரிக்குது. நான் மட்டுந்தான் சிரிக்கறதில்ல. பேசுறப்பக்கூட முந்தானையை வாய்கிட்ட வச்சுக்கறேன் பாரு. எனக்கே தெரியாம கை போயிருது.

என் பேரு ரஞ்சிதம். உறையூர்ல இருக்கோம். நீ கும்பகோணந்தானா? நானும் அங்கதான் போறேன். என் ஓரகத்தி அங்க தங்கச்சி வீட்டுல இருக்கு. கனகவல்லி. என் வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். ஓரகத்தின்னு பேருதான், கனகக்கா கனகக்கான்னு நான் சுத்திச்சுத்தி வந்த வீடு அது. மாடியில அவங்க, கீழ நாங்க. ஒரே கிணறு, ஒரே கொடிக்கயிறு. அது மகன் பரிதிக்குச் சோறு ஊட்டுனது யாருங்கற? நாந்தான். எனக்குத்தான் புள்ளை இல்லையே. அந்தப் பயலும் பெத்தவளை விட்டுட்டு சின்னம்மா சின்னம்மான்னு என் காலைத்தான் கட்டிக்குவான். இப்போ கனடாவுல இருக்கான். வந்திருக்கான், அம்மாவைக் கூட்டிட்டுப் போக. நாளான்னிக்கு பிளேன். அக்கா போனா இனிமே வராது. அதான் இன்னிக்கு அடிச்சுப் புடிச்சு ஓடிக்கிட்டிருக்கேன்.

அந்த பிளேன் ஏறுறதுக்குள்ள அக்கா என்கிட்ட ஒரு வார்த்தை பேசிறணும். திட்டட்டும். "போடி"ன்னு சொல்லட்டும். சித்திரையில நிறுத்துன பேச்சு இது. இத்தனைக்கும் தப்பு என்மேல கிடையாது. அதுக்கு ஆதாரம் இருக்கு என்கிட்ட. இந்தப் பையில இருக்கு.

"சபைக்கு வாங்க"ன்னு ஒரு நிகழ்ச்சி, ஞாயித்துக்கிழமை போடுவான். இந்தப் பக்கம் கொஞ்சம் பேரு, அந்தப் பக்கம் கொஞ்சம் பேரு, நடுவுல கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தர் நின்னு தூண்டி விடுவாரு. அதுல வெளிநாட்டுல புள்ளைங்க இருக்கிற தாய் தகப்பன் பேசணும்னு ஆள் தேடுனாங்க. அக்காவை எழுதிப் போட்டதே நாந்தான். அது வரமாட்டேன்னுச்சு. "எனக்கு நாலு பேர் முன்னாடி பேச வராது ரஞ்சிதம்"னு கெஞ்சுச்சு. நாந்தான் இழுத்துட்டுப் போனேன். வீட்டுக்குள்ளயே கிடந்து, செத்துப்போன மாமாவை, அதான் அக்கா வீட்டுக்காரரை, நெனச்சு நெனச்சு உருகிக்கிட்டிருந்துச்சு, நாலு பேர்கிட்ட கொட்டுனா பாரம் குறையும்னு நெனச்சேன். கூட நானும் துணைக்கு. சித்தியும் பேசலாம்னு சொன்னாங்க. பொடவைகூட நாந்தான் எடுத்தேன். எனக்குப் பச்சை, அக்காவுக்கு அரக்கு. வெள்ளை கூடாது, கோடு போட்டது கூடாதுன்னு போன்லயே சொல்லிட்டாங்க.

பேசுனேன்மா நான். நல்லாப் பேசுனேன். "புள்ளை தூரத்துல இருந்தா என்ன, நான் பக்கத்துல இருக்கேன். எங்கக்காவுக்கு மகனா இருந்து நான் பாத்துக்குவேன்"னேன். கோட்டு போட்டவரே கண்ணைத் துடைச்சாரு. அந்தப் பக்கம் இருந்த புள்ளைங்க எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சு. ஒண்ணு வந்துச்சா டிவியில? ஒரு எழுத்து? எல்லாத்தையும் வெட்டிட்டான். முழுசா வெட்டிட்டான். நான் அங்க வாயே திறக்காத மாதிரி.

மிச்சம் வச்சது அந்தச் சிரிப்பு ஒண்ணுதான்.

அது எப்போ எடுத்ததுன்னு கேளு. அங்க ஒரு வழக்கம் இருக்கு. வெளிய தெரியாது. நிகழ்ச்சி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, அந்தக் கோட்டுக்காரரு வர்றதுக்கு முன்னாடியே, நம்ம மூஞ்சியை எல்லாம் தனியா எடுத்து வச்சுக்குவாங்க. ஷர்மின்னு ஒரு பொண்ணு, காதுல பெருசா மாட்டிக்கிட்டு அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. அது வந்து நிக்கும். "ஆன்ட்டி எல்லாரும் கைதட்டுங்க. சூப்பர். இப்போ ஆச்சரியப்படுங்க. இப்போ சோகமா கீழ பாருங்க. இப்போ ஆமாம்னு தலையாட்டுங்க." எதுக்கு ஆச்சரியம், எதுக்கு சோகம், ஒண்ணும் கிடையாது. சும்மா. அப்புறமா யாராவது பேசுறப்போ நடுவுல நடுவுல ஒட்டிக்குவாங்களாம். எல்லாரும் ஏதோ போட்டோ புடிக்கிற மாதிரி நெனச்சுக்கிட்டு செஞ்சோம். செட்டுல குளிரு வேற. விறைச்சுப் போச்சு. டீ கேட்டா டீயும் ஆறிப்போன டீ. அக்காதான் எங்கயோ போய் வாங்கிட்டு வந்து குடுத்துச்சு, வாயில வைக்க முடியல. "என்னக்கா பச்சைத்தண்ணியா இருக்கு"ன்னேன். அது டம்ளரைத் திரும்ப வாங்கிக்கிட்டுப் போயிருச்சு.

எங்க விட்டேன்? ஆங், சிரிப்பு. "இப்போ நல்லா சிரிங்க"ன்னுச்சு அந்தப் பொண்ணு. சிரின்னா எவளுக்கு வரும்? ஒருத்திக்கும் வரல. வரிசையா பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம், பல் டாக்டர்கிட்ட காட்டுற மாதிரி. "ஆன்ட்டி, நேச்சுரலா வேணும், யாராவது ஜோக் சொல்லுங்க"ன்னு கெஞ்சுது. பாவமா இருந்துச்சு. எனக்கு ஒரு கலை உண்டு. யாரு பேசுனாலும் அப்படியே பேசிக் காட்டுவேன். எங்க சொந்தத்துல கல்யாணம் காதுகுத்துன்னா "ரஞ்சிதத்தைக் கூப்பிடு, கனகம் மாதிரி பேசச் சொல்லு"ன்னு தேடி வருவாங்க. அக்கா வீடியோ கால் பேசுறதைப் பாத்தா நீயே சிரிச்சிருவ. போனை நெத்தியில ஒட்டிக்கிட்டு, "ராசா, தெரியுறனா ராசா?"ன்னு கத்தும். கனடாவுக்கு இங்கருந்தே கேக்கணும்னு நெனப்பு. அந்தப் பயலுக்கு அம்மாவோட பொட்டு மட்டுந்தான் தெரியும்.

அதுலயும் மாமா செத்த அன்னிக்கு நடந்தது இருக்கே. பரிதிக்கு லீவு கிடைக்கல, டிக்கெட் கிடைக்கல, வர முடியல. பங்காளி வீட்டுப் பையன்தான் கொள்ளி வச்சான். எடுக்கிறதுக்கு முன்னாடி அக்கா போனைத் தூக்கி மாமா மூஞ்சிக்கு நேரா புடிச்சுக்கிட்டு நிக்குது. அவன் அங்க அழறான். பாதியில சார்ஜ் எறங்கிருச்சு. இது போனை உதறுது, தட்டுது, "ராசா ராசா"ங்குது. சுத்தி நிக்கிறவங்களுக்கு அழறதா என்ன பண்றதான்னு தெரியல. அதை நான் பேசிக் காட்டுவேன். "ராசா, அப்பா தெரியுறாரா ராசா? சார்ஜ் ஒரு கோடுதான்டா இருக்கு, சீக்கிரம் அழுதுக்கடா ராசா!" இந்தா, இந்த மாதிரி கையை வச்சுக்கிட்டு. விழுந்து விழுந்து சிரிப்பாங்க எல்லாரும். எங்க வீட்டுக்காரரு மட்டும் எந்திரிச்சு வெளிய போயிருவாரு. அவருக்கு எப்பவுமே தமாஷ் புரியாது.

அன்னிக்கு அதைத்தான் செஞ்சேன். அந்த வரிசையே அதிர்ந்து போச்சு. ஷர்மி பொண்ணு வயித்தைப் புடிச்சுக்கிச்சு. எனக்கும் அடக்க முடியாம வந்துருச்சு சிரிப்பு. அதைத்தான் புடிச்சுட்டான் கேமராக்காரன். அக்கா அப்போ மேக்கப் ரூம்ல இருந்துச்சு, அது காதுல விழுந்திருக்காது. விழுந்தாத்தான் என்ன? விளையாட்டுக்குச் சொல்றது.

அப்புறம் நிகழ்ச்சி நடந்துச்சு. அக்கா எந்திரிச்சுச்சு. என்னைப் பாத்துக்கிட்டேதான் பேசுச்சு, கோட்டுக்காரரைப் பாக்கவே இல்ல. தைரியத்துக்கு என்னைப் பாக்குதுன்னு நானும் பேசு பேசுன்னு தலையாட்டுனேன். மாமா கதையைச் சொல்லுச்சு. போன் கதையைச் சொல்லுச்சு. "சார்ஜ் எறங்கிருச்சுங்க. என் புள்ளை அவங்கப்பா மூஞ்சியை முழுசாப் பாக்கல. அன்னிலேர்ந்து போனைக் கையில எடுத்தாலே எனக்குப் பதறுது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறவங்களும் இருக்காங்க"ன்னுச்சு. ஊர்க்காரங்களைச் சொல்லுச்சு. எங்க தெருவுல அப்படி ரெண்டு பேரு உண்டு. நான் அப்போ அழுதுக்கிட்டிருந்தேன்மா. சத்தியமா. இந்தக் கண்ணுல தண்ணி கொட்டுச்சு. அது எங்க போச்சு? யாரு எடுத்தா?

டிவியில வந்த அன்னிக்கு எல்லாருமா மாடியில அக்கா வீட்டுலதான் உக்காந்து பாத்தோம். நான் கேசரி கிண்டி எடுத்துட்டுப் போனேன். அக்கா பக்கத்துல, தோளு இடிக்க உக்காந்திருக்கேன். "அதைச் சொல்லிச் சிரிக்கிறவங்களும் இருக்காங்க"ன்னு அது சொல்லுது. உடனே திரை முழுக்க நான். அண்ணாந்து சிரிக்கிறேன். சத்தம் கிடையாது, பின்னாடி வயலின் போட்டிருக்கான். வயலின் அழுவுது, நான் சிரிக்கிறேன். திரும்ப அக்கா அழுவுது. திரும்ப நான். மெதுவா ஓட விட்டான், என் பல்லு ஒவ்வொண்ணா தெரியிற மாதிரி.

எனக்கு என் மூஞ்சியே அடையாளம் தெரியல. யாரு இந்தப் பேயின்னுதான் நெனச்சேன். நெசமாச் சொல்றேன், அப்படித்தான் நெனச்சேன்.

நான் குதிச்சேன். "அக்கா, அது காலையில எடுத்தது, அப்போ நான் சிரிக்கல, ஒட்டிட்டான்க்கா"ன்னு கத்துனேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்ல. "தெரியும்"னு மட்டும் சொல்லுச்சு. தெரியும்னா அப்புறம் எதுக்குக் கோவம்? அதைத்தான் கேக்கறேன். எந்திரிச்சு உள்ள போயிருச்சு. மறுவாரம் மூட்டை கட்டிக்கிட்டு தங்கச்சி வீட்டுக்குப் போயிருச்சு. போறப்போ கொடியில காஞ்சுக்கிட்டிருந்த என் துணியை எல்லாம் மடிச்சு என் வாசல்ல வச்சுட்டுப் போச்சு. கூப்பிடல.

எந்த ஊரு வந்துச்சு? செங்கிப்பட்டியா. சரி சரி, இன்னும் இருக்கு.

அதுக்கப்புறம் நான் பட்டதை யாருக்கும் சொன்னதில்ல. மாடி காலியாக் கிடக்கு. ஆனா டம்ளர் வைக்கிற சத்தம் கேக்குது. போய்ப் பாத்தா பூட்டு தொங்குது. இவருகிட்ட சொன்னா, "உன் காதுக்குத்தான் கேக்கும்"ங்கறாரு. ரேஷன் கடைக்குப் போனா எனக்கு முன்னாடி என் சிரிப்பு போய் நிக்குது. எவனோ ஒருத்தன் போனைத் தூக்கிப் பாக்கறான், என்னைப் பாக்கறான். எங்க சொந்தக்காரங்க குரூப்புல ஒரு சாவுச் சேதி வந்துச்சு. ஒரு சின்னப் பையன் கை தவறி அந்த ஸ்டிக்கரைப் போட்டுட்டான். சாவுச் சேதிக்குக் கீழ நான் சிரிக்கிறேன். அன்னிக்குப் போனைத் தூக்கி அரிசி டின்னுக்குள்ள போட்டேன். அங்கருந்தும் அடிக்குது.

டிவியை நிறுத்தி வச்சாலும் விடல. அந்தக் கருப்புக் கண்ணாடியில கூட்டிக்கிட்டிருக்கிற என் மூஞ்சி தெரியும். நான் சிரிக்காம நிக்கிறேன், அதுக்குள்ள இருக்கிறது சிரிக்குது. பழைய துணியைப் போட்டு மூடி வச்சேன். மூடுன துணியைப் பாத்தா அதுக்கு உள்ள சிரிச்சுக்கிட்டிருக்கிறது தெரியுது. பைத்தியம்னு நெனப்ப. நெனச்சுக்க. இப்போ எங்க வீட்டுல டிவியே இல்ல, குடுத்துட்டேன்.

நான் விடல. மெட்ராஸுக்குப் போனேன். அந்த ஆபீஸ் வாசல்ல உக்காந்தேன். "எங்க வழக்கப்படிதாம்மா எடிட் பண்ணியிருக்கோம், நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க"ன்னு ஒரு தம்பி வந்து மரியாதையாத்தான் சொன்னாரு. "என் மூஞ்சிக்குத்தான்டா கையெழுத்துப் போட்டேன், அதை எங்கக்கா அழுகைக்கு மேல ஒட்டுறதுக்கா போட்டேன்?"னு கேட்டேன். தண்ணி குடுத்து அனுப்பிட்டாரு. அடுத்த தடவை போனப்போ அந்த ஷர்மி பொண்ணைப் பாத்தேன். வேலையை விட்டு நிக்கப் போறேன்னு சொல்லுச்சு. என்னைப் பாத்ததும் அதுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. "ஆன்ட்டி, கட் பண்ணது நான் இல்ல"ன்னுச்சு. டீக்கடையில வச்சு இந்த பென் டிரைவைக் கையில குடுத்துச்சு. காலையில எடுத்தது அப்படியே இருக்காம். மூலையில நேரம் ஓடிக்கிட்டே இருக்கும், அக்கா பேசுனது மத்தியானம், இது காலையிலன்னு யாரு பாத்தாலும் தெரிஞ்சிரும்னுச்சு. அப்புறம் என் கையைப் புடிச்சுக்கிட்டு, "ஆன்ட்டி, யாருக்கும் காட்டுறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை முழுசாப் பாருங்க"ன்னுச்சு.

பாத்தேன். எங்க தெரு ஜெராக்ஸ் கடையில போட்டுப் பாத்தேன். சத்தம் வரல அந்தக் கம்ப்யூட்டர்ல. மூஞ்சி தெரிஞ்சுது, நேரம் தெரிஞ்சுது, போதாதா? அதுக்கு மேல எங்கருந்து பாக்கறது, என் மூஞ்சியை என்னாலயே பாக்க முடியல. கண்ணை மூடிக்கிட்டேன்.

உன் மடியில இருக்கிறது லேப்டாப்பா? அதுல இது போகுமா? எனக்கு ஒரு உதவி பண்ணு தங்கம். போட்டுப் பாத்து நீ ஒரு வார்த்தை சொல்லு. மூணாம் மனுஷி நீ, உனக்கு என்ன, நியாயத்தைச் சொல்லுவ. அக்கா முன்னாடி போட்டு சரியா வரலேன்னா அசிங்கமாயிரும். இந்தா. இந்த ஹெட்போனைக் காதுல வச்சுக்கணுமா? நீ ஒண்ணு வச்சுக்க, நான் ஒண்ணு.

வந்துருச்சு. அதான் ஷர்மி, குறுக்க போறது. நாங்க கைதட்டுறோம் பாரு. மூலையில நேரம் ஓடுது, தெரியுதா? காலைதானே? சொன்னேன்ல. இது ஆச்சரியம். இது சோகம். இப்போ வரும் பாரு. ஐயோ, என் குரலு. அப்படியே அக்கா குரலு. "சீக்கிரம் அழுதுக்கடா"ன்னு... இவ்வளவு சத்தமாவா சொன்னேன்? இந்தா, சிரிச்சுட்டேன். இதான். இதேதான். பாத்துக்க, இதைத்தான் எடுத்து அங்க ஒட்டிட்டான். இப்போ சொல்லு, யாரு மேல தப்பு?

என்னம்மா? எங்க? எனக்குப் பின்னாடியா?

யாரோ டீ குடுக்கிற பொம்பளை. ஆளுக்கு ஆளு டீ குடுத்துக்கிட்டிருந்தாங்க. நிறுத்து. நிறுத்தாத, கொஞ்சம் பின்னாடி ஓட்டு. கழுத்துல மேக்கப் துண்டு போட்டிருக்கு. ரெண்டு கையிலயும் டீ வச்சிருக்கு.

அரக்குப் பொடவை.

நான் எடுத்துக் குடுத்ததுதான்.

ஓட்டு. எதுக்கு அங்கயே நிக்குது? வந்து குடுத்துட்டு உக்காரலாமே. நகரவே மாட்டேங்குது பாரு. நான் சிரிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்குது. ஷர்மி "இன்னொரு தடவை ஆன்ட்டி"ங்கறா, நான் திரும்பவும் பேசிக் காட்டுறேன், அப்பவும் நிக்குது. அழல பாரு. மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. டீயைக் கூட கீழ வைக்கல.

பச்சைத்தண்ணியா இருக்குன்னு சொன்னேனே நான். அதுகிட்டயே சொன்னேனே.

எடு. காதுலேர்ந்து எடுத்துரு.

தஞ்சாவூர் எப்போ தாண்டுச்சு? பாபநாசமே வந்துருச்சா? ஜன்னலை மூடிக்கட்டுமா, கண்ணுல தூசி விழுது. இல்ல, ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். கைதான் கொஞ்சம் சில்லுன்னு ஆயிருச்சு.

ஏம்மா, நீ படிச்ச பொண்ணு. இதுல வெட்டத் தெரியுமா உனக்கு? பெருசா ஒண்ணும் இல்ல. என் மூஞ்சி இருக்கட்டும், அந்த நேரம் ஓடுறது இருக்கட்டும். பின்னாடி அது நிக்கிற எடத்தை மட்டும் எடுத்துரு. என் குரலும் வேண்டாம், அதையும் எடுத்துரு. அப்புறம் யாரு பாத்தாலும் நான் காலையில சும்மா சிரிச்சேன்னுதானே தெரியும்? கும்பகோணம் வர்றதுக்குள்ள முடிஞ்சிருமா தங்கம்?